தண்டவாளம் போன வழி, தண்ணீர் போகும் வழி

மே மாதத்தில் பத்து நாள் கையில் இருக்கிறது. கணவன், மனைவி இருவர். ஐம்பதை ஒட்டிய வயது. தினமும் காலையில் நடக்கிற பழக்கம் உண்டு, சைக்கிள் ஓட்ட வரும், மலையேறிப் பழக்கமில்லை. ஒருவர் சைவம். ஸ்பெயினில் நகரங்களை விட்டுவிட்டுக் கிராமப்புறத்தை நடந்தும் சைக்கிளிலும் பார்க்க வேண்டும். எல்லோரும் சொல்கிற கமினோவுக்கு, அதாவது சாந்தியாகோ நகரத்துக்குப் போகும் யாத்திரைப் பாதைக்குப் போவதா, வேறு எங்காவதா? இதுதான் நீங்கள் கேட்டது.

கமினோவை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே அந்தலூசியாவுக்குப் போங்கள். முதல் மூன்று நாள் ஹயேன், கோர்தோபா மாகாணங்களின் ஆலிவ் தோப்புகளுக்குள் போகும் பழைய ரயில் பாதையில் சைக்கிள். அப்புறம் ஒருநாள் கிரனாடாவில் ஓய்வு. போக்குவரத்துக்கு ஒரு நாள் போக, மிச்ச ஐந்து நாளும் சியெர்ரா நெவாடா மலையின் தென்சரிவில் இருக்கும் அல்புஹார்ரா ஊர்களில் நடை. நடுவில் பேருந்துப் பயணம் சில மணி நேரம்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும்.

ஸ்பெயினின் கிராமப்புறப் பாதைகளில் பெரும்பாலானவை உல்லாசப் பயணிகளுக்காகப் போட்டவை இல்லை. ஆடு போக, தண்ணீர் போக, எண்ணெய் போக என்று பிழைப்புக்காகப் போட்ட வழிகள். ஆட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் தெற்குச் சமவெளிக்கும் செம்மறி மந்தைகளை ஓட்டிப்போவது அங்கே நூற்றாண்டுக் கணக்கில் நடந்த தொழில். 1273-இல் பத்தாம் அல்போன்சோ மன்னர் மந்தைக்காரர்களின் மெஸ்தா என்ற சங்கத்துக்கு உரிமைகள் கொடுத்தார். மந்தை வழிகளில் பெரியதற்குக் கன்யாதா என்று பெயர். அதன் அகலம் 75 மீட்டருக்கும் சற்று மேல். இன்றைக்கும் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,25,000 கிலோமீட்டர் மந்தை வழி கணக்கில் இருக்கிறது. 1995-இல் வந்த சட்டம் இவை பொதுச்சொத்து என்பதை உறுதிசெய்து, ஆட்டுக்கு இடைஞ்சல் இல்லாதவரை நடப்பவரும் சைக்கிள்காரரும் இவற்றில் போகலாம் என்றது. 1994 முதல் இலையுதிர்காலத்தில் மத்ரித் நகரத்தின் நடுத்தெருவிலேயே மந்தையை ஓட்டிப்போய் அந்த உரிமையைக் கொண்டாடுகிறார்கள். நீங்கள் நடக்கப்போகிற வழிகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் ருசி. எதற்காகப் போட்டார்கள் என்று தெரிந்த பாதையில் கால் வைப்பது வேறு மாதிரி இருக்கும்.

சரி, கமினோ ஏன் இப்போது வேண்டாம்? நல்ல பாதை இல்லை என்பதால் அல்ல. பிரான்ஸ் எல்லையோரத்து சான் ஜான் பியே த போர் ஊரிலிருந்து சாந்தியாகோ வரை கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர், ஐந்து வாரம். அந்த ஐந்து வாரம்தான் அதன் உயிர். பத்து நாள் விடுப்பில் வருகிறவர்கள் பெரும்பாலும் சாரியா ஊரில் தொடங்கி கடைசி 115 கிலோமீட்டரை மட்டும் நடக்கிறார்கள், ஏனென்றால் யாத்திரைச் சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும், சைக்கிள் என்றால் 200. அதனால் பாதையிலேயே நெரிசல் மிகுந்த பகுதி அதுதான். புனித யாகோபுவின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு இந்த யாத்திரைக்குப் புனித ஆண்டு. அடுத்தது 2027, அப்போது கூட்டம் இன்னும் கூடும். ஓ செப்ரெய்ரோ ஊரின் பாதிரியார் எலியாஸ் வலீன்யா 1980-களில் ஊர் ஊராகப் போய் மஞ்சள் அம்புக்குறி வரைந்ததால்தான் இன்று யாரும் வழி தவறாமல் நடக்கிறார்கள். அந்த அம்புகளை முதலிலிருந்து பின்தொடர நேரம் கிடைக்கும்போது போங்கள்.

இப்போது சைக்கிளுக்கு வருகிறேன். ரயில் நின்றுபோன தடங்களைச் சைக்கிளுக்கும் நடைக்கும் ஏற்றபடி மாற்றுவதை 1993-இல் ஸ்பெயினில் ஒரு திட்டமாகவே தொடங்கினார்கள். இவற்றுக்கு வியா வெர்தே, அதாவது பச்சை வழி, என்று பெயர். இன்று 3,000 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது. மலையேறிப் பழக்கமில்லாதவருக்கு இதில் ஒரு பெரிய வசதி: நீராவி ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் தடம் போட்டவர்கள் மலையைச் சுற்றியும் குடைந்தும் பாலம் கட்டியும் ஏற்றத்தை நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவிலேயே வைத்திருக்கிறார்கள். ரயிலுக்காகச் செய்தது இன்று உங்கள் முழங்காலுக்கு ஆகிறது.

நான் சொல்லும் தடம் வியா வெர்தே தெல் அசெய்தே. அசெய்தே என்றால் எண்ணெய். அஸ்-ஸைத் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஹயேனிலிருந்து புவெந்தே ஹெனில் வரை 128 கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆலிவ் எண்ணெயையும் சுரங்கத்து ஈயத்தையும் ஏற்றிப்போகப் போட்ட ரயில் தடம், 1980-களில் நின்றது. இரும்புப் பாலங்கள் அப்படியே இருக்கின்றன. ஹயேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் மேல் ஆலிவ் மரங்கள். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் அடிவானம் வரை வரிசை வரிசையாக வேறு எதுவுமே கண்ணில் படாது. ஒரே மாதிரி இருக்கிறதே என்று முதல் ஒரு மணி நேரம் தோன்றும். பிறகு கண் பழகி, மண் எங்கே சிவப்பு, எங்கே வெளுப்பு, எந்த மரம் நூறு வயதுக்கு மேல், எது நேற்று நட்டது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கும். எனக்கு அந்த மாற்றம் ரொம்பப் பிடிக்கும்.

முழுத் தடத்தையும் ஓட்டியே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். பையைச் சுமந்து தினமும் ஊர் மாறுவதைவிட ஓரிடத்தில் தங்கி இரு பக்கமும் போய்வருவது முதல் முறைக்குச் சுகம். அதற்குச் சரியான ஊர் சுவேரோஸ். பாறை முனையில் ஒட்டிய கோட்டை, அதன் கீழே வெள்ளை வீடுகள், ஆட்டுப்பால் சீஸ். தடம் ஊருக்குக் கீழே போகிறது, ஆகவே ஒவ்வொரு மாலையும் ஊருக்குள் ஏற ஒரு செங்குத்துச் சாலை உண்டு. தள்ளிக்கொண்டே ஏறுங்கள், எல்லோரும் அப்படித்தான். பக்கத்து ஊரான தோன்யா மென்சியாவின் பழைய ரயில் நிலையத்தில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். முதல் நாள் காப்ரா பக்கம் போய் வாருங்கள். இரண்டாம் நாள் எதிர்ப்பக்கம், லூக்கே தாண்டி உப்புநீர்க் குட்டை ஒன்றின் ஓரமாக, குவாதஹோஸ் ஆற்றின் மேல் இருக்கும் நீண்ட இரும்புப் பாலம் வரை. மூன்றாம் நாள் சைக்கிளை விட்டுவிட்டு ஊருக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கில் காலாற நடக்கலாம்.

ஒரு விஷயம் முக்கியம். இந்தத் தடங்களின் ஓரத்தில் நெருஞ்சி உண்டு. நம் ஊர் நெருஞ்சியேதான், அதே செடி. அங்கே அப்ரோஹோ என்பார்கள். மார்த்தோஸ் ஊருக்குச் சற்று முன்னால் மரநிழலைப் பார்த்துத் தடத்தைவிட்டு இரண்டடி தள்ளி சைக்கிளைச் சாய்த்துவைத்தேன். திரும்பி வந்தபோது இரண்டு சக்கரமும் காற்றிறங்கிக் கிடந்தன. என்னிடம் இருந்தது ஒரே மாற்று ட்யூப். வாடகைக்கு எடுக்கும்போதே சக்கரத்துக்குள் பஞ்சரை அடைக்கும் திரவம் ஊற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு ட்யூபும் பம்பும் வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். தடத்தில் வரும் ரயில் சுரங்கப்பாதைகளுக்கு விளக்கு வேண்டும். தார்ச்சாலையில் போக நேர்ந்தால், முந்திச் செல்லும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலும் மதிக்கிறார்கள்.

சைக்கிளை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மே நடுவிலிருந்து ஹயேனில் ஆலிவ் பூக்கும். காற்றில் மகரந்தம் அவ்வளவு இருக்கும், ஒவ்வாமைக்காரர்களுக்கு அந்த மாகாணமே கஷ்டம். மே முதல் வாரத்தில் முடித்துவிட்டு மலைக்கு ஏறிவிடுவது நல்லது. உங்களில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் பயணத்தையே செப்டம்பர் கடைசிக்கோ அக்டோபருக்கோ தள்ளிவையுங்கள். வெயிலும் மாத இறுதியில் ஏறிவிடும். ஜூலை, ஆகஸ்டில் தெற்கே வேண்டவே வேண்டாம். 40 டிகிரி அங்கே சாதாரணம். அந்த மாதங்கள்தான் கிடைக்கும் என்றால் வடக்கே அஸ்தூரியாஸ் போங்கள். அங்கே பொன்செபோஸிலிருந்து காயின் வரை கரெஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 12 கிலோமீட்டர் நடை இருக்கிறது. மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன கால்வாயைப் பராமரிக்க, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து போட்ட பாதை அது.

இனி மலை. கிரனாடாவிலிருந்து பேருந்து இரண்டு மணி நேரத்தில் பம்பனெய்ராவில் இறக்கிவிடும். போக்கெய்ரா பள்ளத்தாக்கின் சரிவில் பம்பனெய்ரா, அதற்கு மேல் புபியோன், அதற்கும் மேல் கபிலெய்ரா என்று மூன்று ஊர்கள், ஒன்றின் தலைமேல் ஒன்று வைத்த மாதிரி. பழைய பாதையில் கீழிருந்து மேல் வரை சுமார் 3 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் 400 மீட்டர் அளவுக்கு. முதல் நாளுக்கு அது போதும். மற்ற வெள்ளை ஊர்களில் ஓட்டுக்கூரை இருக்கும். இங்கே மட்டும் தட்டையான மண்கூரை. செஸ்நட் மரக்கட்டைகளின் மேல் கற்பலகை பரப்பி, அதன் மேல் லவுனா என்ற சாம்பல்நிறக் களிமண்ணைக் கொட்டி மெத்துகிறார்கள். மழை பட்டால் அது இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. கடலுக்கு அக்கரையில், மொராக்கோவின் அட்லஸ் மலை ஊர்களில் இதைப் போன்ற கூரைகள் உண்டு. பெர்பர் மக்கள் இங்கே வந்து குடியேறியதன் அடையாளம்.

அல்புஹார்ராவில் நடக்கும்போது காதில் விழுந்துகொண்டே இருப்பது தண்ணீர்ச் சத்தம். அசேக்கியா என்று அழைக்கப்படும் வாய்க்கால்கள்; இதுவும் அரபுச் சொல்தான், அஸ்-ஸாகியா. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய அமைப்பு. பாதி நடைபாதைகள் இந்த வாய்க்கால் கரைகளே. வாய்க்காலில் இரண்டு வகை. ஒன்று நாம் அறிந்ததுதான்: வயலுக்கும் தோட்டத்துக்கும் பாசனம், மடை திறந்து முறை வைத்துப் பாய்ச்சுவது. இன்னொன்றைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பனி உருகும் காலத்தில் மலையின் மேல்மட்டத்தில் வரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி எடுத்துப்போய், மண் உறிஞ்சும் இடங்களாகப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். மலை அதைக் குடித்துக்கொள்கிறது. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் பாறைக்குள் நகர்ந்து, கோடையில் கீழ் ஊர்களின் ஊற்றுகளில் அது வெளியே வருகிறது. அணையும் இல்லை, தொட்டியும் இல்லை. மலையே ஏரி. தண்ணீர் விதைப்பது என்று அங்கே சொல்வார்கள்.

1960-களுக்குப் பிறகு இளையவர்கள் நகரங்களுக்கும் வெளிநாட்டுக்கும் வேலை தேடிப் போக, பல வாய்க்கால்கள் தூர்ந்தன. வாய்க்கால் தூர்ந்ததும் அதை நம்பியிருந்த கீழ் ஊற்றுகள் இளைத்தன. 2014-இல் கான்யார் என்ற சிற்றூரில் கிரனாடா பல்கலைக்கழகத் தொல்லியலாளர்களும் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் மண்வெட்டியோடு இறங்கித் தூர்ந்த வாய்க்கால் ஒன்றை மீட்டார்கள். அதன் பிறகு வேறு பல ஊர்களிலும் அந்த வேலை தொடர்ந்தது. ஆகவே நடக்கும்போது கரையை மிதித்துச் சரிக்காதீர்கள். மடைப்பலகை எப்படி இருக்கிறதோ அப்படியே விடுங்கள். குளிர்ந்த தண்ணீரைப் பார்த்ததும் கல்லை உருட்டி அணை கட்டி விளையாடும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் கீழே ஒருவர் தன் முறைத் தண்ணீருக்காகக் காத்திருப்பார்.

இரண்டாம் நாளிலிருந்து கபிலெய்ராவை விட்டுக் கிழக்கே நகருங்கள். பித்ரெஸ், மெசீனா, ஃபோந்தாலெஸ், ஃபெரெய்ரோலா என்று லா தாஹா என்ற பகுதியின் சின்னச் சின்ன ஊர்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி, ஒரு மணி நடை. தெருவின் குறுக்கே இரு வீடுகளையும் இணைத்து மேலே அறை கட்டியிருப்பார்கள், அதற்குத் தினாவோ என்று பெயர்; வெயிலுக்கு அடியில் நிழல், மழைக்குக் குடை. ஃபெரெய்ரோலாவுக்கு அருகில் இயற்கையாகவே வாயு கலந்து சோடா மாதிரி வரும் ஊற்று இருக்கிறது. போர்துகோஸில் இருப்பது இரும்புச் சத்துள்ள ஊற்று, பாறையெல்லாம் துருநிறம், வாயில் வைத்தால் ஆணியை நக்கியது போல. அங்கிருந்து புஸ்கிஸ்தார் வழியாக த்ரெவேலெஸ் வரை போவது இந்தப் பயணத்தின் நீளமான நாள். காலை எட்டுக்கே கிளம்பிவிடுங்கள். த்ரெவேலெஸுக்கு மேலே ஸ்பெயின் தீபகற்பத்தின் உயரமான சிகரம் முலாசேன், 3,479 மீட்டர். மே மாதத்தில் அங்கே பனி கிடக்கும், அனுபவம் இல்லாமல் ஏறக் கூடாது. கீழிருந்து பார்த்தாலே போதும்.

வழிகாட்டி ஆள் தேவையா என்றும் கேட்டீர்கள். இந்த ஊர்களுக்கு இடையே தேவையில்லை. குறிகளைப் படிக்கத் தெரிந்தால் போதும்: வெள்ளை, சிவப்புப் பட்டை என்றால் நெடும்பாதை, வெள்ளை, மஞ்சள் என்றால் ஒருநாள் அளவுக்கான பாதை, வெள்ளை, பச்சை என்றால் ஊரைச் சுற்றிய குறும்பாதை. அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் அது உங்கள் வழி இல்லை, திரும்புங்கள். தேசியப் புவியியல் நிறுவனத்தின் 1:25,000 வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் நிற்காது. அவசரத்துக்கு 112. வழியில் கம்பிக்கதவு வந்தால் எப்படி இருந்ததோ அப்படியே திறந்து மூடுங்கள். மாடோ ஆடோ அந்தப் பக்கம் இருக்கும். மந்தையோடு பெரிய காவல் நாய் நின்றால் ஓடாமல், கல்லெடுக்காமல், மந்தையை விட்டு அகலமாகச் சுற்றிப் போங்கள்.

ஸ்பெயினின் கடிகாரம் நம்மைக் குழப்பும். சூரியனைவிடக் கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி முந்தி ஓடும், கோடையில். அதனால் வெக்கையின் உச்சம் மதியத்தை ஒட்டி இல்லை. மாலை நான்கு, ஐந்துக்கு. மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு முன் கிடைக்காது. மூன்றரைக்குப் பின்னும் கிடைக்காது. இரண்டு முதல் ஐந்து வரை கடைகள் பூட்டியிருக்கும், ஞாயிறு முழுநாளும். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல். ஆகவே காலையில் நடந்து, இரண்டு மணிக்கு ஊர் சேர்ந்து, நாளின் சாப்பாடு என்று எழுதிவைத்திருப்பதை உட்கார்ந்து சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மாலையில் ஊர் சுற்றுவதுதான் ஒத்துவரும். அந்தச் சாப்பாடு வார நாட்களில் ஏறத்தாழ 12 முதல் 16 யூரோவுக்குள் இரண்டு வகை, ரொட்டி, இனிப்போடு வரும்.

சைவத்துக்குக் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். ‘நான் சைவம்’ என்றால் இறைச்சித் துண்டு மட்டும் இல்லாமல் கொண்டுவந்து, மேலே ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, தூவிவிடுவார்கள். அங்கே அதை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ‘நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ’ என்று இறைச்சி, ஹமோன், மீன் மூன்றையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். தக்காளி அரைத்த சல்மோரேஹோவை ஹமோனும் முட்டையும் இல்லாமல் கேளுங்கள். கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த குழம்பு, குடைமிளகாய் வெங்காயத்தோடு ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வதக்கிய உருளைக்கிழங்கு, இவை மூன்றும் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். சூப்பில் எலும்பு போட்டு வேகவைப்பது வழக்கம், கேட்டுவிட்டுக் குடியுங்கள். கிரனாடா, ஹயேன் பக்கம் குடிக்க எது வாங்கினாலும் கூடவே சின்னத் தட்டில் தின்பண்டம் இலவசமாக வரும். அதற்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தங்குவதற்கு ஊருக்குள் இருக்கும் காசா ருரால் என்ற கிராமத்து வீடுகளையே எடுங்கள். ஆள் குறைந்துகொண்டே போகும் இந்த ஊர்களில் ஒரு கடை, ஒரு பார், வாரத்துக்குச் சில நாள் வரும் மருத்துவர், அவ்வளவுதான் மிச்சம். பார் என்றால் குடிக்கிற இடம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். காலைக் காபி, ரொட்டி, பேருந்து நேரம், வீட்டுச் சாவி எல்லாம் அங்கேதான். நீங்கள் அங்கே சாப்பிடும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அந்த ஊரில் மதிப்பு உண்டு. தெருவில் எதிரே வருகிறவருக்கு முன்பின் தெரியாவிட்டாலும் ‘புவேனோஸ் தியாஸ்’ சொல்லுங்கள், சொல்லாமல் கடப்பது அங்கே மரியாதைக் குறைவு.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். அதற்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். எடுக்கும்போது மலைநடையும் சைக்கிளும் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் மே மாத இரவு குளிரும், ஒரு கம்பளி மேல்சட்டை, மழைக்கோட்டு. புதுக் காலணியோடு போகாதீர்கள். வீட்டில் ஒரு மாதமாவது போட்டு நடந்ததாக இருக்கட்டும். இருவருக்கும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எப்போதும் பையில். ஊர் ஊற்றுகளில் ‘அகுவா போதாப்ளே’ என்று எழுதியிருந்தால் குடிக்கலாம், அதற்கு முன்னால் ‘நோ’ இருந்தால் கூடாது. பம்பனெய்ராவில் காலைப் பேருந்தைவிட்டு இறங்கியதும் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நேரே மேல் பாதையைப் பிடியுங்கள். கபிலெய்ராவில் மதியச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிடலாம்.